கடலூர்–புதுச்சேரி கரையில் விண்ட்சர்ஃபிங்: எங்கே இறங்கலாம், எங்கே தங்கலாம், சாமான் எப்படித் தாங்குகிறது

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். இந்தத் துண்டுக் கரையில் பல சீசன் விண்ட்சர்ஃபிங் போர்டு, அதாவது பாய்மரம் பொருத்திய பலகை, ஓட்டிய பழக்கத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். மணல் நன்றாக இருக்கிறது, கார் பக்கத்திலேயே நிற்கும் என்பதற்காக இறங்குமிடத்தை முடிவு செய்யாதீர்கள். அங்கிருந்து வடக்கே ஒரு கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இங்கே நம்பி ஓட்டக்கூடியது மதியத்துக் கடல்காற்று. தென்னல் அல்லது தென்கிழக்கு. கடலைப் பார்த்து நின்றால் வலது பக்கத்திலிருந்து, கொஞ்சம் முகத்தில் அடித்தபடி வரும். வலக்கை முன்னால் வைத்துப் போய், இடக்கை முன்னால் வைத்துத் திரும்பலாம். கோணம் அருமை. ஆனால் அதே பருவத்தில் கரையோர நீரோட்டமும் வடக்கே இழுக்கும். பாய்மரத்தைப் போர்டோடு இணைக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் அறுந்தாலும், பாய் கிழிந்தாலும், காற்று திடீரென்று செத்தாலும் நீங்கள் கரையேறப்போவது வடக்கேதான்.

இதை மனதில் வைத்துப் பார்த்தால் புதுச்சேரி நகரக் கரை முதலிலேயே கழிந்துவிடும். 1980களின் கடைசியில் துறைமுக முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர்கள் வந்தபின், வடக்கே நகர வேண்டிய மணல் தெற்கிலேயே தேங்கியது. வீராம்பட்டினம் பக்கம் கரை அகலமானது, கடற்கரைச் சாலை ஓரம் கருங்கல் குவியலானது. அகலமான மணலைக் கண்டால் அதற்கு வடக்கே கல் இருக்கிறதா என்று உடனே தேடுங்கள். மணலைத் தள்ளுகிற தண்ணீர் ஆளையும் அங்கேதான் தள்ளும். தலைமைச் செயலகம் எதிரே 2018-இல் கடலுக்கடியில் எஃகுத் திட்டு போட்டபின் மணல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. காற்று வாங்கப் போகலாம். பாய் கட்ட வேண்டாம். தண்ணீருக்கு அடியில் எஃகு, பக்கத்தில் கல்.

தந்திராயன்குப்பம், அதாவது செரினிட்டி கடற்கரை, அலைச்சறுக்குக்காரர்களுக்கு நல்ல இடம். அங்கே கடலுக்குள் நீளும் கல்சுவர்களான தூண்டில் வளைவுகளுக்கு நடுவே அவர்கள் சுகமாக நிற்பார்கள். நமக்கோ வளைவின் பின்னால் காற்று சுழன்று வரும், திரும்ப இடம் போதாது, வடக்கே இன்னொரு கல்வரிசை காத்திருக்கும். நன்றாக ஜைப் அடிக்க, அதாவது காற்றோடு ஓடியபடியே திரும்ப, தெரிந்தவர்கள் மட்டும், அதுவும் இருவராகப் போகலாம்.

சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. கழிப்பறை, குளியல், நல்ல தண்ணீர், பார்க்கிங் என்று எல்லா வசதியும் உண்டு. குளிப்பதற்கென்று ஒதுக்கிய எல்லைக்குள் போர்டை இறக்கக் கூடாது. கண்காணிப்பாளரிடம் கேட்டுவிட்டு எல்லையைத் தாண்டித் தெற்கே நடந்துபோய் இறக்குங்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வசதிக்காக இதுதான் என் முதல் சிபாரிசு. ஆனால் காற்றோடு போனால் வீராம்பட்டினத்தின் படகு நிற்கும் கரையும் அதற்கப்பால் துறைமுகச் சுவரும் வரும். அலை தாண்டிய உடனே கொஞ்சம் தெற்கே ஏறி ஓட்டிவிட்டு, அந்தச் சேமிப்பைச் செலவழித்துத் திரும்புவது நல்லது.

சுண்ணாம்பாறு கழிமுகம் கற்றுக்கொள்பவர்களுக்கு. அலை கிடையாது; பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர். தென்னந்தோப்பு இருக்கும் கரையோரம் போனால் காற்று விட்டுவிட்டு வரும். மரத்தின் உயரத்தைப் போல ஏழெட்டு மடங்கு தூரம் வரை அந்த நிழல் நீளும். தென்கிழக்குக் காற்றுக்குக் கடலோர மணல்திட்டை ஒட்டி ஓட்டினால் சுத்தமாகக் கிடைக்கும். படகுக் குழாமின் வேகப்படகுகள் போய்வரும் பாதையை முதலில் பத்து நிமிடம் கரையில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். 44 செ.மீ. ஃபின் (போர்டின் அடியில் பின்பக்கம் உள்ள துடுப்பு) இங்கே உதவாது, 25 முதல் 30 போதும். மிதமான காற்றுக்கு 160 லிட்டர் போர்டு, நடுவில் டேகர்போர்டு என்ற கீழிறங்கும் பலகை உள்ளதாக இருந்தால் காற்றை எதிர்த்து ஏறி ஓட்டச் சுலபம்; ஆழம் குறையும்போது அதைக் காலால் தட்டி மடக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மணலில் குத்தி ஆள் முன்னால் விழுவார். முகத்துவாரப் பக்கம் மட்டும் வற்றம் இறங்கும் நேரத்தில் போகாதீர்கள். வெளியே ஓடும் தண்ணீரும் உள்ளே வீசும் காற்றும் மோதி, குட்டையான செங்குத்து அலை எழும்பும். இறங்குமிடத்தில் காலைத் தூக்கி வைத்து நடக்காமல் தேய்த்து நடங்கள். திருக்கை இருந்தால் விலகிப் போகும். பழைய கட்டைகளில் ஆளி ஒட்டியிருக்கும், அதன் விளிம்பு பிளேடு மாதிரி. ரப்பர் ஷூ இல்லாமல் கழிமுகத்தில் இறங்குவது வீண் வம்பு.

நல்லவாடு, பனித்திட்டு, நரம்பை, மூர்த்திக்குப்பம் என்று தெற்கே நீளும் கரை ஓட்டத்துக்கு நல்லது, வசதிக்கு ஒன்றுமில்லை. ஊர்க்கரை என்பதால் பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிட்டு இறங்குவதுதான் மரியாதை. “அண்ணே, மத்தியானம் பாய்ப் பலகை ஓட்டப் போறோம், வலை எங்க கிடக்குது?” என்று கேட்டால் எந்தச் செயலியும் தராத விவரம் கிடைக்கும். காலையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் கயிறு கரைக்கு வந்து முடியும் வரை தண்ணீரில் கால் வைக்காதீர்கள். தெர்மோகோல் மிதவை, சிறு கொடி தெரிந்தால் காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போங்கள். வலையில் சிக்கிய ஃபினை எடுக்க வலையை அறுத்தால், நமக்குப் பின்னால் வரும் யாருக்கும் அந்த ஊரில் இடம் இருக்காது.

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் இடம் தாராளம், சாலை கரை வரை வருகிறது, டீக்கடை உண்டு. வடக்கே தாழங்குடா, அப்புறம் பெண்ணையாற்று முகத்துவாரம். சிக்கல் கூட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை காற்று உச்சத்துக்கு வரும் அதே 4 மணிக்கு ஊரே கரைக்கு வரும். வார நாளில் வாருங்கள், கூட்டத்தைத் தாண்டி வடகோடியில் பாய் கட்டுங்கள். மாசிமகத்தன்றும், தை 5 ஆற்றுத் திருவிழா அன்றும் சாமானோடு வந்தால் வண்டி திருப்பக்கூட முடியாது. கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாறு பார்க்கத் தட்டையாக அழகாக இருக்கும். சிப்காட் ஆலைகள் அதன் கரையில்தான், மீன்பிடிப் படகுப் போக்குவரத்தும் அதிகம். விட்டுவிடலாம். இன்னும் தெற்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகம் சுண்ணாம்பாறை விட அகலம், காற்றும் சுத்தம். கடல் ஏற்றத்தில் இறங்கி, வற்றத்துக்கு முன் கரையேற வேண்டும். சேற்றுத்திட்டில் பாயைச் சுமந்து நடப்பது பெரும்பாடு.

காற்று எப்போது வரும்

ஏப்ரல், மே மாதங்களில் முற்பகலிலேயே கடல்காற்று புகுந்துவிடும். ஜூனுக்குப் பிறகு காலை முழுக்க மேற்கிலிருந்து கோடைக்காற்று வீசும். அது கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. கரையில் மெதுவாகத் தெரியும், 300 மீட்டர் வெளியே போனதும் பிடிக்கும், திரும்ப முடியாது. அந்தக் காற்றில் இறங்கவே கூடாது. அது ஓய்ந்து, அரைமணி ஒன்றும் அசையாமல் புழுங்கி, பிறகுதான் தென்கிழக்கு வரும். சில நாள் 2 மணி, சில நாள் வராமலே போகும். வானிலைச் செயலிகளின் உலக மாதிரிகள் இந்தக் கடல்காற்றைப் பெரும்பாலும் குறைத்தே காட்டும். அவற்றை மேற்கு எவ்வளவு பலம் என்று அறிய மட்டும் பாருங்கள். மேற்கு பலமாக இருந்தால் கடல்காற்று தாமதமாகும். அலைக்கு இந்தியக் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸின் அறிவிப்பு பார்க்கலாம். கள்ளக்கடல் (இங்கே காற்றில்லாமலே தூரத்து அலை வந்து கடல் பொங்குவது) எச்சரிக்கை இருந்தால் காற்று எப்படி இருந்தாலும் கழிமுகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையும் மழையும். ஆறுகள் ஆகாயத்தாமரையையும் கட்டைகளையும் கொண்டுவந்து கொட்டும். ஃபினில் ஒரு கொத்து சிக்கினாலே போர்டு நின்றுவிடும். பின்பக்கம் நன்றாகச் சாய்ந்த களை ஃபின் ஒன்று பையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் உறைக்கும் அதுவே மருந்து.

பாய் அளவுக்கு ஒரு எளிய கணக்கு: உடல் எடையைக் காற்றின் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தால் வகுத்து 1.4-ஆல் பெருக்குங்கள். 75 கிலோ ஆளுக்கு 15 நாட் காற்றில் 7 சதுர மீட்டர். 18 நாட்டுக்கு 5.8. ஆகவே இந்தக் கரைக்கு 7.5, 6 என்று இரண்டு பாய் இருந்தால் பெரும்பாலான நாள் ஓடிவிடும். 7.5-க்கு 460 செ.மீ. மாஸ்ட் (பாய்மரம்), 6-க்கு 430. இரண்டாகக் கழலும் என்பதால் சின்ன யானையின் ஏழடித் தொட்டியில் மூலைக்கு மூலை கிடத்திவிடலாம். காரென்றால் மேல் ரேக். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் இந்த நீளப் பைகளைத் திறக்கச் சொல்வார்கள். ஜிப் தெரியும்படி அடுக்குங்கள், தகராறு மிச்சம்.

சாமான் எப்படிக் கெடுகிறது

இந்த ஊர் வெயிலில் முதலில் சாவது பாயின் கண்ணாடித் தாள். மஞ்சளித்து மொரமொரவென்று ஆகி, ஒருநாள் விரல் பட்டாலே கிழியும். ஓட்டாத நேரத்தில் கரையில் விரித்து வைக்காமல் சுருட்டி நிழலில் வையுங்கள். கட்டும் இடத்தையும் பாருங்கள்: மணல்மேட்டில் பச்சையாகப் படர்ந்திருக்கும் அடம்புக்கொடி மேல் கட்டலாம், மெத்தை மாதிரி. பக்கத்திலேயே உருண்டையாக நிற்கும் ராவணன் மீசை மேல் போட்டால் ஊசித் துளைகள் விழும். சவுக்குக் காயும் அப்படியே. கிழிந்ததை ரெக்சின் கடையில் தைக்கக் கொடுத்தால் தையலை அகல விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் போல அந்தக் கோட்டிலேயே பிரியும்.

அடுத்தது மாஸ்ட். கார்பன் மாஸ்டுக்குள் அலுமினிய நீட்டிப்பை உப்புத் தண்ணீரோடு விட்டால் இரண்டு உலோகம் உரசியது போல அரித்து, வெள்ளைப் பொடி பூத்து, இறுகிப்போகும். ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டும். மாஸ்டின் இரு பாகமும் சேரும் இடத்தில் நாலு மணல் துகள் போதும், பிறகு இரண்டு பேர் இழுத்தாலும் வராது. மாட்டுமுன் ஈரத்துணியால் துடைத்து, மேலே ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். கழுவுவதற்கு வயலில் மருந்தடிக்கும் 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான் அற்புதமான சாதனம். புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும், மருந்து பட்டது கூடாது. ஒரு 20 லிட்டர் கேன் தண்ணீரில் இரண்டு செட் சுத்தமாகிவிடும்.

போர்டின் காற்று துவாரத் திருகை வண்டியில் ஏற்றும்போது தளர்த்துங்கள், தண்ணீரில் இறக்குமுன் முடுக்குங்கள். மே மாதத்து மூடிய வண்டிக்குள் உள்ளே காற்று விரிந்து மேல்தோல் உப்பிவிடும். போர்டில் ஓட்டை விழுந்தால் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் விட ஆசை வரும். அவர்கள் கை வேலை சுத்தம்தான், ஆனால் ஊற்றுவது பாலியெஸ்டர் ரெசின். அது போர்டின் தெர்மோகோல் உள்பகுதியைக் கரைத்துத் தின்றுவிடும். எபாக்ஸி ரெசினை நீங்களே வாங்கிக்கொண்டுபோய் அதை மட்டும் போடச் சொல்லுங்கள். அதற்குமுன் ஓட்டையைக் கீழ்நோக்கி வைத்து சில நாள் காயவிட வேண்டும்.

தங்குவது

பணம் கட்டிக் கூடாரம் போடும் முறையான இடத்தை நம்பி இந்தக் கரைக்கு வராதீர்கள். திறந்த கடற்கரையில் இரவு தங்கினால் ரோந்துப் போலீஸ் எழுப்பும். நடைமுறையில் ஓடுவது இரண்டு வழி. ஒன்று, கரைக்கு அருகே முற்றம் உள்ள வீட்டுவிடுதி; போர்டு வைக்க நிழலும், குழாயும் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். இன்னொன்று, உரிமையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சவுக்குத் தோப்பு. காற்று வடிகட்டி வரும், பாய் உலர்த்தலாம். கீழே கிடக்கும் சருகு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், அதனால் அடுப்பு வெட்டவெளியில், மணல் தட்டிய இடத்தில். விரியன் பாம்பு அந்தச் சருகில் படுத்திருக்கும். இருட்டில் டார்ச், காலணி இல்லாமல் நடமாட வேண்டாம். தென்னைக்குக் கீழே கூடாரம் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

கூடாரத்தோடு வரும் ஆணி இந்த மணலில் நிற்காது. உரச்சாக்கில் கால்வாசி மணல் போட்டு, வாயைக் கயிற்றால் கட்டி, முழங்கை ஆழத்தில் புதையுங்கள். நாலு மூலைக்கு நாலு. கடல்காற்று இருட்டியும் விடாத நாளில்கூட அசையாது. கழிமுகக் கரையானால் மாலை 6 மணிக்கே கொசு வலை அவசியம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை இது. கடலைப் பார்த்து விளக்கு போடாதீர்கள், டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கரையில் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும், அவரிடம் கடலோரப் போலீஸ் 1093, கடலோரக் காவல்படை 1554 இரண்டும் இருக்க வேண்டும். அதைவிட வேகமாக வந்து சேர்வது ஊர்க்காரரின் ஃபைபர் படகுதான். முன்கூட்டியே ஒருவரிடம் பேசி, டீசல் காசும் கூலியும் முடிவு செய்து, அவர் நம்பரைக் கரையில் நிற்பவர் போனில் ஏற்றிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்றாலும் நாட்டுப்படகு போகும், ஆள் கிடைப்பார்.