பிக்கப் வண்டியும் ஈஎல்எம் 327 கருவியும்: எதுவரை நம்பலாம்?

மீன் லோடு ஏற்றி ஓடும் பிஎஸ் 6 (புகை விதிக்கு உட்பட்ட) பிக்கப் வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கும் என்ஜின் விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்து, வேகம் காட்டும் முள்ளும் சுழியத்தில் விழுந்துவிட்டால், அத்தனை பாகங்களும் ஒன்றாகக் கெட்டுவிட்டன என்று நினைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அந்தப் பாகங்களின் மின்னணுப் பெட்டிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் கேன் பஸ் என்ற இரட்டை ஒயரிலோ, ஏதோ ஒரு பெட்டிக்குப் போகும் பியூஸிலோ எர்த்திலோதான் கோளாறு இருக்கும். இப்படிப்பட்ட கோளாறைக் கண்டுபிடிக்க உதவும் என்று சொல்லி இணையக் கடைகளில் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாக விற்கப்படும், வண்டியின் கோளாறுக் குறியீடுகளைக் கைப்பேசியில் காட்டும் ஈஎல்எம் 327 புளூடூத் கருவியை எங்கள் வண்டியில் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி. ஈஎல்எம் 327 என்பது உண்மையில் இந்தக் கருவிக்குள் இருக்க வேண்டிய, கனடாவைச் சேர்ந்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வடிவமைத்த சிப். அந்த நிறுவனம் 2022இல் தன் தொழிலை நிறுத்திவிட்டது. இன்று மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அதன் நகல்கள். '1.5 பதிப்பு, இதுதான் ஒரிஜினல்' என்று விற்பவர்கள் அடித்துச் சொல்வார்கள், ஆனால் 1.5 என்ற பதிப்பை எல்ம் நிறுவனம் வெளியிட்டதே இல்லை. நகல்களிலும் வேலை செய்பவை உண்டு. என்றாலும் சிலவற்றில் பல கட்டளைகள் இருக்காது. நீளமான பதில் வரும்போது பாதியில் விட்டுவிடுபவையும் உண்டு. ஆகவே திருப்பி அனுப்பும் வசதி உள்ள இடத்தில் மட்டுமே வாங்குவது நல்லது.

கருவி தரும் பயன் உண்மையானது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கோளாறு விவரங்களைப் படிப்பதற்கான இடம்) செருகி, கைப்பேசிச் செயலியைத் திறந்தால், 'யு' என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடுகள் வரும். யு 0100 என்றால் என்ஜின் ஈசியூ எனப்படும் என்ஜினின் மின்னணுப் பெட்டியிடமிருந்தும், யு 0121 என்றால் ஏபிஎஸ் பெட்டியிடமிருந்தும் தகவல் வரவில்லை என்று பொருள். இதைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: குறியீடு பதிவாகியிருப்பது புகார் சொல்லும் பெட்டியில், ஆனால் கோளாறு இருப்பது, பேசாமல் இருக்கும் பெட்டியின் பக்கம். எல்லாப் பெட்டிகளும் ஒன்றை மட்டும் குறை சொன்னால், அந்த ஒன்றின் பியூஸ், எர்த், கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எல்லாம் எல்லாவற்றையும் குறை சொன்னால் பஸ் ஒயரையே பார்க்க வேண்டும்.

இங்குதான் கருவியின் பெரிய குறை வெளிப்படுகிறது. சாதாரணச் செயலிகள் சட்டப்படி கட்டாயமான ஓபிடி தகவலை மட்டுமே கேட்பதால், பெரும்பாலும் என்ஜின் ஈசியூ சொல்வதோடு நின்றுவிடுகின்றன. ஏபிஎஸ் பெட்டியும், விளக்கு, கதவு போன்றவற்றைக் கவனிக்கும் பாடி கண்ட்ரோல் பெட்டியும் யாரைப் பற்றிப் புகார் வைத்திருக்கின்றன என்பது தெரியாமலே போகிறது. அதோடு, பஸ் ஒயரில் ஷார்ட் இருந்தால் செயலி 'இணைக்க முடியவில்லை' என்று மட்டும் சொல்லும். கருவி பழுதானாலும் அதே வாசகம்தான். அந்த நேரத்தில் நல்ல நிலையில் உள்ள வேறொரு வண்டியில் செருகிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ஆகவே இந்தக் கருவியோடு ஒரு மல்டிமீட்டரும் இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்டு, ஓபிடி சாக்கெட்டின் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையே அளந்தால் ஏறக்குறைய 60 ஓம் வர வேண்டும். பஸ்ஸின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடைகள் இணையாக இருப்பதால் இந்த அளவு. 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. சுழியத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் உரசி ஷார்ட் ஆகியிருக்கின்றன. பேட்டரியை மாட்டிச் சாவியைப் போட்டு, ஒவ்வொரு பின்னையும் எர்த்தோடு வைத்து அளந்தால் இரண்டிலும் 2.5 வோல்ட்டை ஒட்டி, 6ஆம் பின்னில் சற்றுக் கூடுதலாகவும் 14இல் சற்றுக் குறைவாகவும் காட்டும். சாக்கெட்டுக்கும் உள் பஸ்ஸுக்கும் நடுவில் நின்று தகவலைக் கடத்தும் கேட்வே பெட்டி உள்ள வண்டிகளில் மட்டும் சாக்கெட்டில் அளப்பது அதற்குப் பின்னால் உள்ள பஸ்ஸின் நிலையைச் சொல்லாது. மீட்டரின் தடித்த முனையைச் சாக்கெட்டுக்குள் அழுத்தித் திணிக்கவே கூடாது. உள்ளிருக்கும் மெல்லிய பித்தளை இதழ்கள் விரிந்துவிட்டால், இல்லாத கோளாறு புதிதாக வந்து சேரும்.

எங்கள் வண்டியில் பள்ளம் மேடுகளில் மட்டும் யு 0121 வந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு பட்டறையில் ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். கருவி அந்தக் குறியீட்டைக் காட்டியதோடு அதன் வேலை முடிந்தது. மீட்டரில் 60 ஓம் சரியாக இருந்ததால் பஸ் ஒயரை விட்டுவிட்டு, சாவியைப் போட்ட நிலையில் ஏபிஎஸ்ஸின் எர்த் ஒயர் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் அளந்தோம். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில், ஒயரை லேசாக ஆட்டியதும் எண் ஒரு வோல்ட்டைத் தாண்டி ஏறி இறங்கியது. போல்ட்டைக் கழற்றியபோது வளையத்தின் அடிப்புறம் முழுவதும் பச்சை பூத்து, தகடு செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்பும் ஐஸ் நீரும் செய்த வேலை அது. உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, புதிய வளையம் வைத்து, மேலே கிரீஸ் தடவி முறுக்கிய பிறகு அந்தக் குறியீடு திரும்ப வரவில்லை. யூனிட்டின் விலையோடு பார்த்தால் செலவு ஒன்றுமே இல்லை.

வாங்குபவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். குறியீடுகளை எழுதி வைப்பதற்கு முன் செயலியில் உள்ள அழிக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். கோளாறு வந்த நேரத்து வேகம், என்ஜின் வெப்பம் ஆகிய பதிவுகளும் அதோடு போய்விடும். கருவியை இரவில் சாக்கெட்டிலேயே விட்டுவைக்கவும் வேண்டாம். சாவியை எடுத்த பிறகும் 16ஆம் பின்னில் பேட்டரி மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கருவி போதும். பல வண்டிகளைப் பராமரிப்பவர்கள் எல்லாப் பெட்டிகளையும் படிக்கும் முழு ஸ்கேனருக்கே பணம் போட வேண்டும்.