டிராக்டர் ஸ்டேரிங் ஜாயிண்டு மாத்தக் குடுக்கறவங்க இத ஒருக்கா படிச்சுப்போட்டு குடுங்க

கோபி பக்கம் வண்டி வச்சிருக்கறவங்க எல்லாத்துக்குமே சொல்றேனுங்க. போன மாசம் தடப்பள்ளி வாய்க்கா ரோட்டுல வர்றப்ப எங்க டிராக்டர்ல ஸ்டேரிங் ராடையும் முன்வீலையும் சேக்கற ஜாயிண்டு கழண்டு வீலு அதும்பாட்டுக்கு வாய்க்கா பக்கம் திரும்பிருச்சு, பின்னாடி டிரெய்லர்ல நெல்லு மூட்ட, ஓட்டுனது எம்பட தம்பி. ரோட்டுல போறப்ப எடது வலது வீலுக்குத் தனித்தனியா இருக்கற ரெண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு சேத்து வெக்கோணும்னு எங்கய்யன் சொல்லிச் சொல்லி வளத்ததுதான் அவன காப்பாத்துச்சு. வண்டி நின்ன எடத்துக்கும் தண்ணிக்கும் ரெண்டு மொழம் கூட இல்லீங்க.

அதுக்கு 20 நாள் முந்திதான் ஒரு பட்டறைல 4 ஜாயிண்டும் புதுசு போட்டோம்னு 5200 ரூபா வாங்கியிருந்தாங்க. எங்குளுக்கு சேத்துழவு ஜாஸ்தி, ஜாயிண்ட மூடியிருக்கற பூட்டுங்கற ரப்பரு உறை கிழிஞ்சா சேறு உள்ள போயி பால்ங்கற இரும்பு உருண்டைய அரிச்சுப்போடும், ஸ்டேரிங்க கால் சுத்து திருப்புனாத்தான் வீலு அசையும்ங்கற நெலமைல விட்டுட்டு வந்தேன். அன்னைக்கு ஒரு கண்ணாலம், கூட நிக்க முடியல. பொழுதோட போனா ஜாயிண்டெல்லாம் கருகருன்னு மின்னுது, ஸ்டேரிங்கும் கிண்ணுன்னு இருந்துச்சு, நம்பிட்டேன்.

கழண்டத கொண்டாந்து மண்ணெண்ண ஊத்தித் தொடச்சா பெயிண்டு உரிஞ்சு வருது, அடில பழைய துரு, எங்கய்யன் எப்பவோ சுத்தியல்ல அடிச்ச பள்ளம் அதே எடத்துல அப்பிடியே இருக்குது! பூட்டு ரப்பரு மட்டும் புதுசு. பால் ஒரு பக்கம் தேஞ்சு முட்டையாட்டம் ஆயிருச்சு, கிரீஸ அமுக்கி அடச்சதால கொஞ்ச நாளைக்கு ஆட்டம் தெரியல. நட்டு கழலாம இருக்கறதுக்கு மாட்டற ஸ்பிளிட் பின்னுக்குப் பதிலா ஆணிய மடக்கி உட்டிருக்காங்க, அது அறுந்து நட்டு கழண்டுதான் இத்தனையும். மத்த மூணுல ஒண்ணுதான் புதுசு. போயிக் கேட்டா "உங்க தம்பி பள்ளத்துல எறக்கியிருப்பாப்ல"ங்கறாங்க, பில்லுன்னு குடுத்தது வெறும் துண்டுச் சீட்டு. வவுறு எரியுதுங்க.

தயவுசெஞ்சு கழட்டறப்ப பக்கத்துலயே நில்லுங்க, பொட்டிய உங்க முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க, பழசக் கையோட வாங்கிக்கங்க. ஸ்பிளிட் பின்னு பத்து இருவது ரூபா சாமான், பழச மறுபடி போட உடாதீங்க. இன்னொண்ணு, பழச கழட்டறப்ப மரை எத்தன சுத்துன்னு எண்ணி புதுசயும் அதே அளவு ஏத்தோணும், இல்லைனா ராடு நீளம் மாறி முன்டயர் ஓரம் சீக்கிரமே தேஞ்சுரும். ரெண்டு முன்வீலுக்கும் நடுவுல, வீலோட முன்னோரத்துல இருக்கற அளவு பின்னோரத்துல இருக்கறத விட சில மில்லிமீட்டர் கம்மியா இருக்கோணும், டேப் வச்சு அளந்து காட்டச் சொல்லுங்க. வண்டிய எடுக்கறதுக்கு முந்தி ஒருத்தர் ஸ்டேரிங்க லேசா அப்படியும் இப்படியும் ஆட்டட்டும், நீங்க ஜாயிண்டு மேல கைய வெய்யுங்க, உள்ள ஆட்டமிருந்தா வெரலுக்கே டொக்குனு தெரியும்.

அந்தப் பழசு மூணையும் ஆணியோட சாக்குல கட்டி வச்சிருக்கேன், ஆராச்சும் பாக்கோணும்னா தோட்டத்துக்கு வாங்க.