வாக்குத்தத்தப் பெட்டி: வாங்கலாம், கூடவே ஒரு ஸ்கெட்ச் பேனாவும்

கிறிஸ்தவப் புத்தகக் கடை எதில் நுழைந்தாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் இந்த வாக்குத்தத்தப் பெட்டி இருக்கும். ரொட்டி வடிவத்தில் கையடக்கமான பிளாஸ்டிக் பெட்டி, மேல்பக்கம் திறப்பு, உள்ளே நெருக்கிச் செருகிய சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் கடவுள் வாக்குக் கொடுப்பதாக வரும் ஒரு பைபிள் வசனம். காலை ஜெபம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, அதை அன்றைய வார்த்தையாக வைத்துக்கொள்ள வேண்டியது. நான் பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் வாங்கினேன், நூற்றைம்பது ரூபாய்க்குள்தான். கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அதற்கப்புறம் சொந்தக்காரர் வீடுகளில் வேறு கம்பெனிப் பெட்டிகளையும் குடைந்து பார்த்துவிட்டேன், நிறம்தான் வேறு, சரக்கு ஒன்றே.

முதலில் பொருளைப் பற்றி. அட்டை நல்ல கனம், ஈரக்கையோடு எடுத்தாலும் மை கலங்கவில்லை. எழுத்துதான் பொடி. அறுபது தாண்டியவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கவே முடியாது, இதை அதிகம் வாங்குவதே அவர்கள்தான் என்பது அச்சடிப்பவர்களுக்குத் தெரியாதா என்ன? பின்பக்கம் அதே வசனம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அந்த இடத்தையும் தமிழுக்கே கொடுத்து எழுத்தைப் பெரிதாக்கியிருக்கலாம். ஒரு அட்டையில் சங்கீதம் 119:71 என்று இருக்க வேண்டியது 119:17 என்று இருக்கிறது. சரி, மனிதர் செய்கிற வேலை.

பெரிய குறை வேறு. அட்டைகளை இறுக்கித் திணித்திருக்கிறார்கள், ஒரு கையால் பெட்டியைப் பிடித்து மறு கையால் இழுத்தால்தான் வரும். இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் பெட்டியை உபயோகிப்பது அம்மா, உபயோகிக்கிற இடம் டயாலிசிஸ் நாற்காலி. ஊசி போட்ட கையை நான்கு மணி நேரம் அசைக்கக் கூடாது. மிச்சம் இருப்பது ஒரு கை. முதல் நாள் அம்மா பெட்டியை மடியில் வைத்து, தொடைகளுக்கு இடையே இடுக்கிக்கொண்டு இழுத்துப் பார்த்தாள், கொத்தாக ஏழெட்டு அட்டைகள் பிய்த்துக்கொண்டு வந்து தரையில் விழுந்தன. நர்ஸ் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, "ஆன்ட்டி, இன்னைக்கு உங்களுக்கு டபுள் டோஸ்" என்றது. கால்வாசி அட்டைகளை வெளியே எடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எந்தக் கால்வாசியை எடுப்பது என்று உட்கார்ந்தபோதுதான் மொத்தத்தையும் வரிசையாகப் படித்தேன். ஆசீர்வாதம், பெருக்கம், விடுதலை, வெற்றி, மறுபடியும் ஆசீர்வாதம். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" இருக்கிறது, கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்தால் என்று உபாகமம் 28 அதற்கு வைக்கிற நிபந்தனை அட்டையில் இல்லை. அதைவிட மோசம், சில வசனங்களைப் பாதியில் வெட்டியிருக்கிறார்கள். "கர்த்தர் அவைகளெல்லாவற்றிலும் நின்று அவனை விடுவிப்பார்" என்று ஒரு அட்டை. எவைகளில் நின்று? அட்டையில் பதில் கிடையாது. சங்கீதம் 34:19ஐ எடுத்துப் பாருங்கள், "நீதிமானுக்கு வரும் துன்பங்கள் அநேகமாயிருக்கும்" என்று தொடங்குகிறது அது. துன்பத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டு விடுதலையை மட்டும் அட்டை போட்டிருக்கிறார்கள். யோவான் 16:33க்கும் இதே கதி, "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்பது காணாமல் போய், "திடன்கொள்ளுங்கள்" என்று ஆரம்பிக்கிறது. நான் பார்த்தவரை உபத்திரவம் என்ற சொல் வருகிற ஒரே அட்டை, எண் தப்பாகப் போட்ட அந்த 119:71தான்: "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது". அதற்குமேல் ஒரு ரோஜாப்பூப் படம் வேறு.

பெட்டியின் நட்சத்திர வசனம் எது என்று சொல்லத் தேவையில்லை. எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". புது வருட வாக்குத்தத்த அட்டையிலும் அதுதான், கார் கண்ணாடியிலும் அதுதான், காலை வாட்ஸ்அப்பிலும் அதுதான். எனக்கும் பிடித்த வசனம். ஆனால் அது யாருக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டாமா? பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர், இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும், சிறைப்பட்டுப் போனவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் கர்த்தரின் பெயரால் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் மாட்டியிருந்த நுகத்தையும் பிடுங்கி உடைக்கிறார். இன்றைக்கு இருந்திருந்தால் மேடையும் மைக்கும் கிடைத்திருக்கும். எரேமியா சொன்னதோ எழுபது வருஷம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டு போன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். எழுபது வருஷம் என்பது பத்தாம் வசனம், எல்லாரும் சட்டம் போட்டு மாட்டுவது பதினோராம் வசனம். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. அவர்களிடம்தான் சமாதானத்துக்கான நினைவுகள் என்று கர்த்தர் சொல்கிறார். இதைத் தெரிந்துகொண்டு அந்த அட்டையை எடுத்தால், 'சீக்கிரம் சரியாகிவிடும்' என்று வாசிக்க மாட்டீர்கள். சரியாகாத இடத்திலும் குடியிருக்கலாம், அங்கேயும் அவர் கணக்கு வைத்திருக்கிறார் என்று வாசிப்பீர்கள். டயாலிசிஸ் நாற்காலிக்கு இந்த இரண்டாவது வாசிப்புதான் உதவும். முதலாவது இரண்டு மாதம்கூடத் தாங்காது.

வசனம் எடுக்கிற பழக்கமே தப்பு, சீட்டுக் குலுக்குவது போல என்று சபைப் போதகர்களான சில ஐயர்மார் திட்டுவார்கள், அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் 1728லிருந்து இப்படித் தினம் ஒரு வசனம் வைத்துக்கொள்கிறார்கள், 1731க்கு முதல் தடவையாகப் புத்தகமாக அச்சிட்டார்கள், இன்றுவரை நிற்கவில்லை. பழைய ஏற்பாட்டு வசனங்களைச் சீட்டுப் போட்டு, மூன்று வருடத்துக்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். அந்த ஊரை உண்டாக்கியவர்கள் விசுவாசத்துக்காக, இன்றைய செக் நாட்டில் இருக்கிற மொராவியாவை விட்டு ஓடிவந்த அகதிகள், சின்சென்டார்ப் பிரபு தன் நிலத்தில் இடம் கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் சிலர் 1760ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள், காய்ச்சலிலும் வெயிலிலும் பலர் இங்கேயே மடிந்தார்கள். கையில் தினவசனம் இருந்தும்தான் மடிந்தார்கள். அவர்களுக்கு அந்த வசனம் நடக்கப்போவதைச் சொல்லும் ஜோசியம் அல்ல, எது நடந்தாலும் யாருடைய கையில் இருக்கிறோம் என்ற நினைப்பு. அந்தப் பழக்கம் நம்மிடம் வந்து சேர்ந்தபோது இனிப்பை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டோம்.

இனிப்பு மட்டும் தின்று வளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். ஜெபக்குழுவிலிருந்து ஒரு அக்கா வந்தார்கள். அன்று அம்மா கையில் இருந்தது 91ஆம் சங்கீதம், "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது". அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா சித்தி, வசனமே வந்துட்டு, விசுவாசத்தோட வாய்விட்டு அறிக்கை பண்ணுங்க, இனி மெஷின் தேவைப்படாது" என்றார்கள். அணுகாது என்று எழுதியிருக்கிறது, அம்மாவோ ஏற்கெனவே ஊசியோடு உட்கார்ந்திருக்கிறாள், அப்படியானால் கோளாறு அம்மாவின் விசுவாசத்தில்தான் என்று சொல்லாமல் சொன்ன மாதிரி ஆயிற்று. அம்மா கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிம்மா, செவ்வாய்க்கிழமை நீ வந்து என்கூட உக்காந்துக்கோ, அறிக்கை பண்ணலாம்" என்றாள். அக்கா வரவில்லை.

இதே 91ஆம் சங்கீதத்திலிருந்து வசனம் எடுத்துக்காட்டி இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னது சாத்தான், மத்தேயு நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. இயேசு அந்த வசனத்தைப் பொய் என்று சொல்லவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று இன்னொரு வசனத்தைப் பக்கத்தில் வைத்தார். பெட்டியில் இல்லாதது இந்தப் பக்கத்து வசனம்தான்.

அதை அம்மாவே போட்டுக்கொண்டாள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை அட்டை அளவுக்கு வெட்டித் தரச் சொன்னாள், வெட்டிக் கொடுத்தேன், ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை கொட்டையாக எழுதினாள், எழுத்துப் பிரச்சினையும் தீர்ந்தது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்ற 13ஆம் சங்கீதம் ஒன்று. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் என்று அடுக்கிக்கொண்டே போய் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று முடிகிற ஆபகூக் ஒன்று. "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்" என்ற யோபு. 88ஆம் சங்கீதத்தையும் எழுதினாள், கடைசி வரி வரைக்கும் வெளிச்சமே வராத சங்கீதம் அது. இது எதுக்கும்மா என்று கேட்டேன். "அதுவும் ஜெபம்தானே, பைபிள்ல இருக்குல்ல" என்றாள். ஆண்டவரிடம் முறையிடுகிறவள் அவரை விட்டுப் போகவில்லை என்றுதானே அர்த்தம், இதைப் பத்து பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், அன்றுதான் புரிந்த மாதிரி இருந்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். உடம்பு முடியாதபோது முழு பைபிளைத் தூக்கி ஒரு அதிகாரம் வாசிக்கத் தெம்பு இருக்காது. ஒரே ஒரு வரி, கைக்குள் அடங்குகிற மாதிரி, வேண்டும். அந்த வேலையை இந்தப் பெட்டி செய்கிறது. "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்" என்ற ஏசாயா அட்டை மூலை மழுங்கிப்போய்விட்டது, கலைக்காமல் தனியாக மேலே வைத்திருக்கிறாள். மெஷின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். கடைக்காரரிடம் பெரிய எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்டால்தானே அடிப்பார்கள். வாங்கியதும் ஒருமுறை எல்லா அட்டைகளையும் பைபிளோடு வைத்துச் சரிபாருங்கள், வெட்டின வசனங்களில் விட்டுப்போன பாதியை எழுதிச் சேருங்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்குப் பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் அட்டைகளைத் தளர்த்திவிட்டுக் கொடுங்கள், ஒரு கையால் எடுக்க வரவேண்டும்.