ஈசியு மாற்றும்போது: அடாப்டர் வயரிங்கா, பிளக் பின்களை மாற்றுவதா?

கோவை செட்டிபாளையத்தின் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்காகப் பழைய ஹோண்டா காரில் எஞ்சின் மாற்றினால், ஓபிடி2 (பிந்தைய தலைமுறை) வயரிங்கில் ஓபிடி1 (முந்தைய தலைமுறை) ஈசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, நேரடியாகப் பொருந்தாது. வழி இரண்டு.

அடாப்டர்: ஈசியுவுக்கும் வண்டி வயரிங்குக்கும் நடுவே மாட்டும் இணைப்பு வயர். ஒரிஜினல் வயரை வெட்ட வேண்டியதில்லை. மாட்டினால் வேலை முடிந்தது, பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். ஆனால் ஒவ்வொரு வயரிலும் கூடுதலாக ஓர் இணைப்பு வருகிறது. மலிவான அடாப்டரில் டெர்மினல் (வயர் முனையில் உள்ள உலோகப் பின்) தளர்வாக இருக்கும்; குழியில் விழும்போது எஞ்சின் ஒரு நொடி அணையும். மாட்டும் முன் மல்டிமீட்டரில் ஒவ்வொரு பின்னையும் சோதியுங்கள், பக்கத்துப் பின்னோடு ஷார்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஈசியு கிரவுண்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கிரவுண்ட் சரியில்லை.

பிளக் பின்களை மாற்றுவது: டெர்மினலைக் கழற்றி, வேறு பிளக்குக்கான டெர்மினலை வயரில் கிரிம்ப் செய்வது (கருவியால் அழுத்திப் பொருத்துவது). நாள் முழுக்க வேலை, வயரிங் டயகிராம் கட்டாயம். சால்டர் வேண்டாம், அதிர்வில் சால்டர் முடியும் இடத்தில்தான் கம்பி முறியும். எஞ்சின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரின் ஷீல்டு வயரைச் (மின் இரைச்சலைத் தடுக்கும் உறை உள்ள வயர்) சாதா வயரால் மாற்றவே கூடாது, ஆர்பிஎம் சிக்னல் குழம்பும்.

இரண்டுமே வயரின் இடத்தைத்தான் மாற்றும், சிக்னலை அல்ல. 2–3 ஓம் இன்ஜெக்டரை 12 ஓமுக்கான ஈசியுவில் ரெசிஸ்டர் இல்லாமல் கொடுத்தால், ஈசியுவுக்குள் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எரியும். 3 வயர் ஐடில் வால்வை (வண்டி நிற்கும்போது எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் வால்வு) 2 வயர் வால்வுக்கான ஈசியு சரியாக இயக்காது, ஐடில் ஏறி இறங்கும்.

அவிநாசி ரோட்டில் தினமும் ஓடும் வண்டிக்கு நல்ல அடாப்டர் போதும். கூடவே ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் எஞ்சின் மாற்றத்தைப் பதியுங்கள். டிராக் வண்டிக்குப் பிளக் பின்களை மாற்றுவதே சரி.