லாங் பஜார் சந்தில் ஒரு நல்ல அச்சுக் கடை

எங்கள் வாசிப்பு வட்டத்தின் சிறுநூலை வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில் உள்ள அச்சுக் கடையில் கொடுத்தோம். ஜெர்மனியில் 1908 முதல் 1918 வரை மட்டுமே இருந்த ஜனநாயக ஒன்றியம் என்ற சமூக தாராளவாதக் கட்சியின் வரலாறு அது. கல்யாணப் பத்திரிகையும் ரசீதுப் புத்தகமும் அடிக்கும் கடையில் பிரைட்ஷைட், ஒஸீயெட்ஸ்கி போன்ற பெயர்கள் முதல் மெய்ப்பிலேயே பிழையின்றி வந்தன.

பக்கம் அமைக்கும் பெரியவர் எதையும் படித்துப் பார்த்த பிறகே அடுக்குகிறார். நூலில் ஓர் இடம்: 1908 ஏப்ரலில் ஜெர்மனியில் வந்த, சங்கங்களையும் கூட்டங்களையும் ஒழுங்குபடுத்தும் சங்கச் சட்டம் பொதுக்கூட்டங்களை ஜெர்மன் மொழியில்தான் நடத்த வேண்டும் என்றது. பிறமொழியினர் 60 விழுக்காட்டுக்கு மேல் வாழ்ந்த வட்டாரங்களுக்கு 20 ஆண்டு விலக்கு இருந்தபோதிலும், மற்ற இடங்களில் போலிஷ் பேசியவர்களின் வாயை அது அடைத்தது. ஆட்சித் தலைவர் பியூலோவை ஆதரித்த தாராளவாதிகள் இதற்கு இணங்கிப் போனதைப் பொறுக்காமல்தான் தியோடோர் பார்ட், கெர்லாஹ், பிரைட்ஷைட் ஆகியோர் வெளியேறிப் புதுக் கட்சி கண்டனர். ஆனால் பெண்கள் அரசியல் சங்கங்களில் சேரப் பேரரசு முழுவதும் வழிவிட்டதும் இதே சட்டம். “ஐயா, இந்த ரெண்டையும் ஒண்ணாப் பார்த்தாத்தான் நியாயம் புரியும்” என்று சொல்லி, இரு செய்திகளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வருமாறு பெரியவர் மாற்றி அமைத்தார். தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே கடை வாசலில் புழங்கும் இந்த ஊரில், மொழிப் பிரிவின் கொடுமையை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜெர்மன் பேரரசின் பெரிய மாநிலமான பிரஷ்யாவில் வரியின் அளவுக்கேற்ப வாக்காளர்களை மூன்று வகுப்பாகப் பிரித்து, அதிக வரி கட்டியவர் வாக்குக்கு அதிக மதிப்புத் தந்த முறையைக் காட்டும் அட்டவணை மிகத் தெளிவு. கோடுகள் மெல்லியவை, எண்கள் நேர்க்கோட்டில் நிற்கின்றன. அம்முறையை ஒழித்து அனைவருக்கும் சம வாக்குரிமை கேட்ட அக்கட்சி, 1912 தேர்தலில் ஓர் இடமும் பெறவில்லை. பிரைட்ஷைட் சமூக ஜனநாயகக் கட்சிக்குச் சென்றார். 1935ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு பெற்ற ஒஸீயெட்ஸ்கி இளமையில் இக்கட்சியில் இருந்தவர் என்பதால், அவர் படத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினோம். அதன் கருமை மட்டும் சற்றுக் கூடிவிட்டது.

குறை என்றால் கட்டுமானம்தான். பசை வைத்து ஒட்டிய முதுகு, நூலை நன்றாக விரித்ததும் வெடிக்கிறது. தையல் கட்டு கேட்டால் செய்து தருகிறார்கள், கூலி கொஞ்சம் கூடும். நாலு பேர் கைமாறிப் படிக்கும் நூலுக்கு அதையே கேளுங்கள். கல்லூரி புராஜெக்ட் பருவத்தில் வேலை தேங்குவதால், அதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.