உப்புக் காற்றில் ஈய ரவையும் செம்புப் பூச்சு ரவையும்

மண்டபம் முதல் தேவிபட்டினம் வரையான இந்தக் கரையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிற எங்கள் சிலருக்குள், துப்பாக்கியில் இடும் ரவை என்ற சிறு குண்டில் பூச்சில்லாத ஈய ரவை குறி தப்பாமல் போகிறதா, செம்புப் பூச்சு ரவையா என்ற வழக்கு வெகுநாளாகத் தீராமல் இருக்கிறது. பூச்சின் பக்கம் நிற்பவர்கள் இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள்: உப்புக் காற்று வெறும் ஈயத்தை வெளுக்கச் செய்துவிடும், குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் வெடிமருந்துத் துப்பாக்கியிலிருந்து கடன் வாங்கியது. தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்பவர்கள் வார்த்த ஈயக் குண்டுக்குப் பூச்சுப் போடுவதற்கு அங்கே நியாயம் உண்டு. கொதிக்கும் வாயுவும் மிகுந்த வேகமும் சேர்ந்து, 327 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும் ஈயத்தைக் குழலின் சுவரில் தேய்த்துவிடுகின்றன. ஏர் ரைஃபிளில் நெருப்பே கிடையாது. ஏறத்தாழ அரை கிராம் எடையுள்ள ரவை, நொடிக்கு 170 மீட்டர் அளவில், அடைத்த காற்றின் உந்துதலில் மட்டுமே கிளம்புகிறது. இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு?

குறியின் துல்லியத்தைத் தீர்மானிப்பது ரவை குழலைப் பற்றும் விதம். ரவையின் பின்பகுதி மெல்லிய பாவாடை போலக் குழிந்திருக்கும். காற்றின் அழுத்தத்தில் அது விரிந்து குழலின் சுருள் வரிகளில் பதிந்தால்தான் காற்று கசியாது, சுழற்சியும் ஒரே சீராகக் கிடைக்கும். ஈயம் மென்மையானது என்பதால் இதற்கு எளிதில் இணங்கும். செம்பு அதைவிடக் கடினம் என்பதோடு, பூச்சின் கனம் ஒவ்வொரு ரவையிலும் ஒன்றுபோல் அமைவதும் அரிது. நான் இரண்டு வகையிலும் ஒவ்வொன்றைத் துடைக்கும் கோலால் மெல்லத் தள்ளி மறுமுனையில் எடுத்துப் பார்த்தேன். வெறும் ஈயத்தில் வரிகள் சுற்றிலும் ஒரே ஆழத்தில் விழுந்திருந்தன. பூச்சு ரவையில் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்தும், மறுபக்கம் நகத்தால் தடவினாலும் தெரியாத அளவுக்கு மங்கியும் இருந்தன.

முன்பு கருவாட்டுக் கிட்டங்கியாக இருந்த மூடிய கூடம் ஒன்றில், கச்சான் காற்று உள்ளே வராதபடி கதவைச் சாத்தி, துப்பாக்கியை மணல் மூட்டையில் அணைத்து, ஐந்தைந்தாகச் சுட்டேன். வெறும் ஈயத்தின் ஐந்தும் பெரும்பாலும் ஒரே கிழிசலாக விழுந்தன. பூச்சு ரவையில் மூன்று சேர்ந்தும் இரண்டு விலகியும் விழுந்தன. எந்த இரண்டு விலகும் என்பதுதான் கணிக்க முடியாமல் இருந்தது. பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டின் விட்டமே 0.5 மில்லிமீட்டர்தான். ரவை 10 மீட்டர் போவதற்குள் சுமார் 17 மில்லிமீட்டர் தாழ்கிறது. உந்தும் ஆற்றல் மாறாமல் எடை மட்டும் நூற்றுக்கு ஒன்று கூடினால், அந்தத் தாழ்வு ஏறக்குறைய 0.17 மில்லிமீட்டர் மாறும். பூச்சின் கனம் சீராக இல்லாத ரவையில் இந்தப் பிழை வந்து சேர்வதைத் தடுக்க முடியாது.

ஆனால் எல்லா ஈய ரவையும் நல்லதென்று சொல்ல வரவில்லை. 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று தலையின் விட்ட அளவுகளில் வரும் ரவைகளில் தன் குழலுக்கு எது ஒத்துவரும் என்று பார்க்காமல் வாங்கியவர்கள், நல்ல பூச்சு ரவை வாங்கியவர்களிடம் தோற்றதைக் கண்டிருக்கிறேன்.

உப்புக் காற்று விஷயத்தில் மட்டும் எதிர்த்தரப்புக்கு ஓரளவு நியாயம் உண்டு. வீச்சுவலையின் ஈயக்குண்டுகள் மங்கிச் சாம்பல் பூத்துப்போவதைக் கண்ட ஊர் இது. மூடி சரியாகப் பொருந்தாத ரவை டப்பாவில் வெள்ளைத் தூள் படிவதும் உண்மை, அந்தத் தூளோடு சுட்டால் குறி சிதறுவதும் உண்மை. ஆனால் பூச்சில் கீறல் விழுந்த ரவையிலும், நடுவே ஒடுங்கிய இடுப்பு மடிப்பில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. இறுக்கமான கண்ணாடிப் புட்டியில், துணியில் தொட்ட ஒரு சொட்டு எண்ணெயால் ஈரப்படுத்தி வைத்த என் ஈய ரவைகள் வாடைக் காலத்து ஈரப்பதத்தையும் தாண்டிக் கறுக்காமல் இருக்கின்றன. மரப்பெட்டியில் வைப்பதை விட்டுவிட்டேன். மரத்திலிருந்து கசியும் புளிப்பு ஆவி ஈயத்துக்கு ஆகாது.

பூச்சு ரவைக்கு நான் ஒப்புக்கொள்ளும் உண்மையான மேன்மை ஒன்றுதான்: விரலில் ஈயக் கறை அவ்வளவாக ஒட்டாது. அதனால், புள்ளிக் கணக்கு பார்க்கும் நிலைக்கு இன்னும் வராத தம்பி மகனுக்கு ரவை ஏற்றிப் பழக அதைத்தான் கொடுக்கிறேன். ஆனாலும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பனங்கிழங்கைத் தொட விடுவதில்லை.