மொட்டோடு இருக்கிற கமீலியாவைக் கொழும்பில் வாங்காதீர்கள்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனைக்குச் சனிக்கிழமைகளில் ஒரு லொறி பூக்கன்றுகளோடு வரும். டிசம்பரில் அங்கேதான் 6,500 ரூபாய் கொடுத்து ஒரு கமீலியா வாங்கினேன். அம்மா நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். துரை பங்களா வாசலில் நின்ற சிவப்புக் கமீலியாவைப் பற்றி இன்றும் சொல்வார். கன்றில் பன்னிரண்டு மொட்டுகள், விரிந்த பூ இரண்டு. "கொழும்பு வெயிலுக்கும் நல்லாப் பூக்கும் அக்கா" என்றார் விற்றவர். அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு நான் விலைகூடப் பேசவில்லை.

பத்து நாளில் மொட்டுகள் விரியாமலே பழுப்பாகி உதிரத் தொடங்கின. போய்க் கேட்டேன். "தண்ணி பத்தாது" என்றார். நிறைய ஊற்றினேன். அப்புறம் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலையெல்லாம் மஞ்சளானது. அதற்கு 900 ரூபாய்க்கு ஒரு பை உரமும் விற்றார். பெப்ரவரியில் கன்று பட்டுப்போனது. அதுவரை அம்மா காலையில் எழுந்ததும் முதலில் போய்ப் பார்த்தது அந்தச் சாடியைத்தான்.

சாடியைக் கவிழ்த்தேன். வெறும் களிமண். தண்டு நான்கு விரல் ஆழம் புதைந்திருந்தது, வேர் முழுக்கக் கறுத்து அழுகியிருந்தது. மண்ணில் சீமெந்துக் கட்டிகளும் கிடந்தன.

கமீலியா தேயிலையின் நெருங்கிய இனம். தேயிலையைப் போலவே அதற்கும் புளிப்பான மண் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. வேர் மேலோட்டமாக ஓடும் என்பதால் ஆழப் புதைத்தால் மூச்சுமுட்டிவிடும். சுண்ணாம்பு சேர்ந்த மண்ணில் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல்தான் இலை அப்படி மஞ்சளாகிறது. உரம் போட்டு அதைத் தீர்க்க முடியாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், மொட்டு நன்றாக விரியக் குளிர் வேண்டும். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. கொழும்பில் இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நான் பார்த்து மயங்கிய மொட்டுகள் மலைக்குளிரில் பிடித்தவை.

இதை அவரிடம் சொன்னபோது, "மலைநாட்டுக் கன்றுதானே, இங்க அப்படித்தான்" என்றார். தெரிந்தேதான் விற்றிருக்கிறார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பணம் திரும்பவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள், ஆனால் என்னிடம் பற்றுச்சீட்டு இல்லை. எந்தக் கன்று வாங்கினாலும் சீட்டுக் கேளுங்கள், சாடியிலிருந்து எடுத்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். வருடம் முழுக்கப் பச்சையாக நின்று பூக்கிற செடிதான் வேண்டுமென்றால் செவ்வரத்தை, வெட்சி, நந்தியாவட்டை எல்லாம் இந்த வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் நிற்கும். அம்மாவுக்கு இப்போது சிவப்பு வெட்சி வைத்திருக்கிறேன்.

லொறி இன்னும் வருகிறது. போன சனிக்கிழமையும் மொட்டோடு நான்கு கமீலியா நின்றன.